பார்க்க ஓடியவர்கள்

"ஏரோப்பிளேன் சத்தம் கேட்டதும் எல்லாரும் தெருவுக்கு ஓடியாந்தோம்யா. ஒளியறதுக்கு இல்ல, பார்க்கறதுக்கு."

சூலியா தெருவின் ஒரு சந்தில் வளர்ந்த என் பெரிய பாட்டி, 1941 டிசம்பர் 11ஆம் தேதியைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான். மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அன்று காலை ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் மேல் வந்தன. அண்ணாந்து நின்ற கூட்டத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. பிறகு தாழப் பறந்து இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டார்கள்.

அந்த நாளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஒரு செய்தி மறுபடி மறுபடி வரும். மக்கள் வேடிக்கை பார்க்க வெளியே வந்தார்கள், அதனால்தான் இத்தனை சாவு என்பது. நடந்தது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் சிலர் அதைச் சொல்லும் விதத்தில், விவரம் தெரியாத சனங்கள் தாங்களாகவே சாவைத் தேடிக்கொண்டார்கள் என்ற தொனி இருக்கும். அதை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. அந்தக் கூட்டத்தில் என் வீட்டாரும் இருந்தார்கள். அதுவரை இந்த ஊர்க்காரர்கள் வானத்தில் எதைப் பார்த்திருந்தார்கள், விமானம் என்றதும் அவர்கள் மனத்தில் என்ன எழுந்தது என்று தெரிந்துகொள்ளப் புறப்பட்டேன்.

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்கினேன். பாயான் லெப்பாஸில் விமானத் தளம் திறந்தது 1935இல். இன்று அந்தப் பக்கம் முழுவதும் மின்னணுத் தொழிற்சாலைகள். அன்று அது நகரத்துக்குத் தெற்கே, வயலும் தென்னையும் சூழ்ந்த கிராமம். திறந்த மறு ஆண்டே பினாங்கின் பெயர் உலக விமான வரைபடத்தில் ஏறிவிட்டது. லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா போகும் இம்பீரியல் ஏர்வேஸ் தடத்திலிருந்து ஹாங்காங்குக்கு ஒரு கிளைத் தடம் வேண்டும் என்று முடிவானபோது, அந்தக் கிளை பிரிய வேண்டிய இடமாகப் பினாங்கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

டி ஹாவிலண்ட் 86 ரகத்தைச் சேர்ந்த, நான்கு எஞ்சின் கொண்ட 'டொராடோ' என்ற விமானம் பினாங்கில் கிளம்பி, சைகோன், இன்று டா நாங் எனப்படும் தூரான் ஆகிய ஊர்களில் இறங்கி, 1936 மார்ச் 24 அன்று ஹாங்காங்கின் கை டாக் தளத்தைச் சேர்ந்தது. உள்ளே தபால் மூட்டைகள். பயணி ஒரே ஒருவர், ஓங் ஈ லிம் என்ற சீனர். ஹாங்காங்கின் பயணிகள் விமானப் போக்குவரத்து அன்றுதான் பிறந்தது என்பார்கள். அதன் மறுமுனையில் இருந்தது நம்முடைய பாயான் லெப்பாஸ் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. இதைப் படித்த அன்று, நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஆண்டு, 1937 ஜூன் 28 அன்று, மோட்டார் கார் விற்றுவந்த வேர்ன் சகோதரர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய மூன்று ஊர்களையும் இணைத்து விமானச் சேவை தொடங்கினார்கள். அவர்கள் வாங்கியது டிராகன் ரேப்பிட். இரண்டு எஞ்சின், மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, மரச்சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்திய துணி, உள்ளே எட்டுப் பேர்வரை உட்காரலாம். ரயிலில் ஓர் இரவும் பகலுமாகப் போகிற தூரத்தை அது சில மணி நேரத்தில் கடந்தது.

ஆக, 1941இல் ஜார்ஜ் டவுன்வாசிகளுக்கு விமானம் புதிய பொருள் அல்ல. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழருக்கும், வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளைக்கும், சௌராஸ்தா சந்தையில் மீன் விற்றவருக்கும் அது தெரிந்த சத்தம்தான். டிக்கெட் வாங்க வழியில்லாதவர்கள் கீழே நின்று பார்த்தார்கள். வானத்திலிருந்து வந்தது தபால். இறங்கியவர்கள் வியாபாரிகள், அதிகாரிகள். ஆறு ஆண்டுகளாக அந்தச் சத்தம் அவர்களுக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை.

போர் தொடங்கிய பிறகாவது யாரேனும் எச்சரித்தார்களா? அதைத் தெரிந்துகொள்ள நீரிணைக்கு அந்தப் பக்கம், நாங்கள் பாகான் என்று சொல்லும் பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டும்.

பட்டர்வொர்த்தில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் திறந்தது 1941 அக்டோபரில். போர் வர இரண்டே மாதம் இருந்தது. டிசம்பர் 8 அன்று அலோர் ஸ்டார் தளம் குண்டுவீச்சுக்கு ஆளானதும், அங்கிருந்த 62ஆம் பிரிவின் பிளென்ஹைம் விமானங்கள் பட்டர்வொர்த்துக்கு வந்து சேர்ந்தன. மறுநாள், தாய்லாந்தின் சிங்கோராவில் ஜப்பானியர் கைப்பற்றிய தளத்தைப் பகலிலேயே தாக்கும்படி ஆணை வந்தது. முதலில் கிளம்பியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப். அவர் விமானம் தரையை விட்டு எழுந்த சமயம் ஜப்பானிய விமானங்கள் பாய்ந்து வந்து, பின்னால் கிளம்பக் காத்திருந்த மற்ற விமானங்களையெல்லாம் அழித்தன, அல்லது பறக்க முடியாமல் செய்தன.

திரும்பிவிடலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தனியாகவே சிங்கோராவுக்குப் போனார், குண்டுகளைப் போட்டார். திரும்பும் வழியில் சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. இடது கை சிதைந்தது, முதுகிலும் குண்டு பாய்ந்தது. உடன் இருந்த இருவரில் ஒருவர் அவரைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ள, அலோர் ஸ்டாரை அடைந்து, சக்கரத்தை இறக்காமலேயே வயலில் விமானத்தைத் தரையிறக்கினார். உடன் வந்த இருவருக்கும் காயமில்லை. அவரைக் கொண்டுபோன மருத்துவமனையில் அவர் மனைவியே தாதியாக இருந்தார். மனைவி ரத்தம் கொடுத்தும் ஸ்கார்ஃப் பிழைக்கவில்லை. மலாயா வீழ்ந்த குழப்பத்தில் இந்தச் செய்தி உரியவர்களைச் சென்றடையவே ஆண்டுகள் ஆயின. விக்டோரியா கிராஸ் விருது 1946 ஜூனில்தான் அறிவிக்கப்பட்டது.

பட்டர்வொர்த் தாக்கப்பட்டதை ஜார்ஜ் டவுன் கடற்கரையிலிருந்து மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடையில் இருப்பது குறுகலான நீரிணை. அக்கரையில் புகை, மேலே விமானங்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. அப்போதாவது நகரத்துக்குள் பதுங்குகுழி வெட்டி, எங்கே ஓட வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். பினாங்கில் விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூட இல்லை. 11ஆம் தேதி சத்தம் கேட்டபோது, முந்தைய நாட்களைப் போலவே மக்கள் வெளியே வந்தார்கள். சீனரும் தமிழரும் நெருக்கி வாழ்ந்த தெருக்கள்தாம் அதிகம் அடிபட்டன. தீயணைப்பு நிலையமும் தப்பவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் கசப்பானது. டிசம்பர் 16 இரவோடு படையினரும் ஐரோப்பியரும் தீவை விட்டுப் போய்விட்டார்கள். எஞ்சிய ஊரைப் பார்த்துக்கொள்ள ஒரு சேவைக்குழு அமைந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. கொழும்பில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்த இலங்கைத் தமிழர். கொழும்பின் முதல் மேயர் ரத்னசோதி இவருடைய அண்ணன். கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த பி. சரவணமுத்து மைதானமும் இவருடைய சகோதரர் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியைச் சரவணமுத்து இறக்கினார். ஊரில் படையே இல்லை, இனிக் குண்டு போட வேண்டாம் என்று ஜப்பானியருக்கு வானொலியில் அறிவித்தார். 19ஆம் தேதி ஜப்பானியர் வந்தார்கள். ஆட்சி செய்தவர்கள் எடுக்காத பொறுப்பை ஒரு பத்திரிகையாளர் எடுத்துக்கொண்டார். 1970இல் வெளிவந்த அவருடைய 'தி சாரா சாகா' என்ற நூலைப் பினாங்கில் வாழும் ஒவ்வொரு தமிழரும் படித்திருக்க வேண்டும் என்பேன்.

இவ்வளவையும் படித்த பிறகு அந்த விமானங்களைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை விடவில்லை. தீவில் பழைய விமானங்களுக்கென்று அருங்காட்சியகம் இல்லை. ஈராண்டுக்கு ஒருமுறை லங்காவியில் நடக்கும் லிமா கண்காட்சிக்குப் போனால் இன்றைய ஜெட் விமானங்களைப் பார்க்கலாம், நான் தேடியவை அல்ல அவை. டொராடோ ரகத்தில் உலகத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிளென்ஹைமும் ரேப்பிடும் பறக்கிற இடம் ஒன்று இருக்கிறது, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள டக்ஸ்ஃபோர்டு. உறவினர் வீட்டுக்குப் போன ஒரு கோடையில், விமானச் சாகச நாளாகப் பார்த்து அங்கே போனேன்.

டக்ஸ்ஃபோர்டும் ஒரு பழைய படைத் தளம். 1938இல் ஸ்பிட்ஃபயர் முதன்முதலாக ஒரு படைப்பிரிவில் சேர்ந்தது இங்கேதான். இன்று இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பழைய கொட்டகைகளுக்குள் எண்ணெயும் வார்னிஷும் கலந்த வாடை. புல்தரையில் ஒரு ரேப்பிட் ஆட்களை ஏற்றிக்கொண்டு நிற்கிறது. காசு கொடுத்தால் நாமும் ஏறலாம். அதன் இறக்கைத் துணியை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தேன், மத்தளத் தோல்போல் அதிர்ந்தது. இதே மாதிரியில்தான் பினாங்குக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள்.

பிளென்ஹைமின் கதை தனிக்கதை. அது பிறந்தது ஒரு பத்திரிகை முதலாளியின் ஆசையிலிருந்து. 'டெய்லி மெயில்' உரிமையாளர் ரோதர்மியர் பிரபு, ஐரோப்பாவிலேயே வேகமான பயணிகள் விமானம் தனக்கு வேண்டும் என்று பிரிஸ்டல் நிறுவனத்திடம் கேட்டார். 1935இல் பறந்த அது, அப்போது பிரிட்டிஷ் படையிடமிருந்த சண்டை விமானங்களையே முந்தியது. அதைத்தான் குண்டுவீச்சு விமானமாக மாற்றினார்கள். ஆறே ஆண்டில், ஸ்கார்ஃப் கையில் இருந்தபோது, அது பழையதாகிவிட்டது. டக்ஸ்ஃபோர்டில் இருப்பதற்குக் கனடாவில் செய்த உடல், இங்கிலாந்தில் கிடைத்த மூக்கு. அந்த மூக்கைப் போருக்குப் பின் பிரிஸ்டல் ஊழியர் ஒருவர் வாங்கி, ஆஸ்டின் செவன் காரின் அடிச்சட்டத்தில் பொருத்தி, மின்சாரக் காராக ஓட்டியிருக்கிறார்! முன்பு புதுப்பித்துப் பறக்கவிட்டவை 1987இலும் 2003இலும் விபத்துக்குள்ளாயின. மனம் தளராமல் மறுபடியும் உழைத்து, 2014 நவம்பரில் வானில் ஏற்றினார்கள்.

அது கிளம்பியது. இரண்டு மெர்க்குரி எஞ்சின்களின் சத்தம் ஜெட் போலக் காதைக் கிழிக்காது, தாழ்ந்த குரலில் சீராக உறுமும். ஸ்கார்ஃபின் காலில் அதிர்ந்ததும் அந்த உறுமல்தான். சுற்றிலும் மடக்கு நாற்காலி, தேநீர்க் குடுவை, தோள்மேல் குழந்தைகள். எல்லாருடைய முகமும் மேலே. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த முகங்களைப் பார்த்தபோதுதான் பெரிய பாட்டி சொன்னது எனக்குப் புரிந்தது. அதே வியப்பு, அதே வாய் திறந்த மகிழ்ச்சி. ஜார்ஜ் டவுனில் அன்று தெருவுக்கு வந்தவர்கள் இவர்களைவிட எந்த வகையிலும் அறிவு குறைந்தவர்கள் அல்லர்.

ஆனால் டக்ஸ்ஃபோர்டில் ஒரு வேலி இருந்தது. அந்த வேலிக்கும் சாகச விமானம் பறக்கும் கோட்டுக்கும் நடுவே இத்தனை தூரம் இருக்க வேண்டும், கூட்டத்தின் தலைக்கு மேல் சாகசம் கூடாது என்றெல்லாம் விதி உண்டு. 2015 ஆகஸ்டில் ஷோரம் என்ற இடத்தில் ஹண்டர் ஜெட் ஒன்று சாகசத்தின்போது நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் இன்னும் இறுகின. பார்க்க வருகிறவர்கள் மேலேதான் பார்ப்பார்கள், அவர்களைக் காப்பது நம் பொறுப்பு என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். 1941 பினாங்கில் அப்படி யோசிக்க வேண்டியவர்கள் யோசிக்கவில்லை. பழியை மட்டும் அண்ணாந்து பார்த்தவர்கள் மேல் போட்டார்கள்.

ஊர் திரும்பியதும் தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போனேன். மலையடிவாரத்தில் பசும்புல், ஒரே அளவில் வரிசை வரிசையாகக் கற்கள். ஸ்கார்ஃபின் கல்லைப் பெயரைப் படித்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு முழம் பூ வைத்துவிட்டு வந்தேன்.

சூலியா தெருவிலும் பக்கத்துச் சந்துகளிலும் அன்று விழுந்தவர்களின் பெயர்களை இப்போது ஒரு நோட்டில் சேர்த்து வருகிறேன். பெயர், தொழில், எந்தத் தெரு, யார் சொன்னது என்று நான்கு பத்தி. பெரும்பாலும் பேரப்பிள்ளைகள் சொல்வது, சிலருக்குப் பெயர் மட்டும்தான் தெரிகிறது. உங்கள் வீட்டிலும் யாரேனும் அன்று தெருவுக்கு ஓடியிருந்தால் வந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். சொல்லக்கூடிய பெரியவர்களுக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது.