சின்னவர் கேட்ட கேள்வி

விமான விபத்து அறிக்கைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. 'ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் படிக்கிற சமாச்சாரமா இது?' என்று வீட்டில் திட்டுவார்கள். எனக்கென்னவோ படிக்கப் படிக்கப் பயம் குறைந்துதான் போயிருக்கிறது. முன்பின் தெரியாத இரண்டு பேரை நம்பி முப்பதாயிரம் அடி உயரத்தில் தூங்குகிறோமே, அந்த நம்பிக்கை எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்பது அவற்றைப் படித்த பிறகுதான் பிடிபட்டது.

பெரிய பெயரால் அது வந்துவிடுவதில்லை. 1977 மார்ச் 27 அன்று, கேனரித் தீவுகளின் டெனெரீஃபில், மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்கும் முன்பே வேகமெடுத்தது கே.எல்.எம். விமானம். அதன் கேப்டன் வான் சான்டன் லேசுப்பட்டவர் அல்ல. அந்த நிறுவனத்தின் 747 விமானிகளுக்கே பயிற்சி கொடுப்பவர். அதன் விளம்பரங்களில் வந்த முகம். பக்கத்தில் இருந்த துணை விமானியைச் சோதித்து, 747 ஓட்டலாம் என்று கொஞ்ச நாள் முன்பு தேர்ச்சி கொடுத்தவரும் அவரே. விமானம் ஓடத் தொடங்கியபோது ஃபிளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் தட்டியது. எதிரே பான் அமெரிக்கன் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார் கேப்டன். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

'பெரியவங்க சொன்னா பெருமாள் சொன்ன மாதிரி' என்று வளர்க்கப்பட்டவன் நான். அந்த இருக்கையில் நான் இருந்திருந்தால் ஒரு முறைகூடக் கேட்டிருப்பேனா என்பதே சந்தேகம்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் போர்ட்லாந்தில் யுனைடெட் விமானம் ஒன்று, சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்று உடன் இருந்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். உறைக்கிற மாதிரி சொல்லவில்லை. அதன் பிறகு அந்த நிறுவனம் ஒரு புதுப் பயிற்சியைக் கொண்டுவந்தது. இளையவர் தயங்காமல் சொல்ல வேண்டும், மூத்தவர் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். இன்று உலகெங்கும் விமானிகளுக்கு இந்தப் பாடம் உண்டு.

அதன் பலனை 1989 ஜூலை 19 காட்டியது. டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட்டின் டிசி-10 விமானத்தில் வால்பகுதி இன்ஜின் வெடித்து, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செத்துப்போயின. கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் விமானம் கேட்கவில்லை. பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி, உதவட்டுமா என்று சொல்லி அனுப்பினார். கேப்டன் ஆல் ஹேய்ன்ஸ் கௌரவம் பார்க்காமல் உடனே உள்ளே அழைத்துக்கொண்டார். மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே சூ சிட்டிவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். இறங்கும்போது விமானம் உடைந்தது. 112 பேர் இறந்தார்கள். ஆனாலும் 184 பேர் பிழைத்ததே பெரிய விஷயம். ஹேய்ன்ஸ் கடைசிவரை அந்தப் புகழைத் தனியாக வாங்கிக்கொள்ளவில்லை. பயிற்சிக்கும் கூட இருந்தவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்.

ஆனால் உள்ளேயே விடாவிட்டால் ஒருவர் நம்பிக்கையைச் சம்பாதிப்பது எப்படி? நம் நாட்டில் வணிக விமானியான முதல் பெண் பிரேம் மாத்தூர், பல நிறுவனங்கள் கைவிரித்த பிறகு 1947இல் டெக்கான் ஏர்வேஸில் வேலைக்குச் சேர்ந்தார். பெண் ஓட்டினால் யார் ஏறுவார்கள் என்பதுதான் மற்றவர்களின் கவலை. 1985இல் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பசினும் கொல்கத்தாவிலிருந்து சில்சருக்கு ஃபோக்கர் விமானத்தை ஓட்டிப் போனார்கள். விமானியறையிலும் பயணிகள் பகுதியிலும் பெண்களே பணியாற்றினார்கள்.

அந்தக் கவலை இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஒரு மதுரைப் பயணத்தில் கேப்டனின் குரல் பெண் குரலாக ஒலிக்க, பக்கத்து இருக்கைப் பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "பொம்பளப் புள்ளையா ஓட்டுது?" என்றார். ஆணோ பெண்ணோ, எத்தனை வருட அனுபவமோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்வு எழுதுகிற பிள்ளைபோலத் திறமையைக் காட்டியாக வேண்டும், தவறினால் ஓட்ட விடமாட்டார்கள் என்றேன். "எங்க ஊரு பஸ் டிரைவர இப்படி யாரும் சோதிக்கிறதில்லையே தம்பி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பழைய பெயரை வைத்து யாரையும் நம்பாதே. ஆனால் யார் பேசினாலும் காது கொடு. இந்த இரண்டையும் விமானத் துறை ரத்தம் சிந்திக் கற்றது. நம் அலுவலகங்களும் ஆஸ்பத்திரிகளும் வீடுகளும் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு சின்னவர் தயங்கித் தயங்கிக் கேள்வி கேட்டால், பதில் சொல்லும் முன் அவர் சுட்டிய இடத்தை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.