சொட்டாத வண்டி

செமஸ்டர் லீவுக்கு மாமா வீட்டுக்குப் போன ஒரு மெக்கானிக்கல் மாணவனின் கதை இது. மாமா இருப்பது ஒரு மலை ஊரில். சுற்றுலா வருகிறவர்களின் பிள்ளைகள் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க, செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டு சின்ன ஏடிவி வைத்திருக்கிறார். (ஏடிவி என்றால் பலூன் மாதிரி நாலு டயர், பைக் ஹேண்டில்பார். ஊரில் 'நாலு சக்கர பைக்' என்றால்தான் தெரியும்.) அதில் சிவப்பு வண்டியை ராத்திரி நிறுத்தினால் காலையில் அடியில் ஈரம். கொட்டகை முழுக்க பெட்ரோல் நாற்றம். உதைத்து உதைத்துக் கால் வலித்த பிறகுதான் ஸ்டார்ட் ஆகும்.

"நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற, பாருடா" என்றார் மாமா. இரண்டாம் வருடத்தில் கார்புரேட்டரைப் படம் வரைந்து பாகம் குறிப்பதோடு சரி என்று அவரிடம் யார் சொல்வது!

முதலில் அவன் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஏர் ஸ்க்ரூவைத் திருகினான். அரைச் சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே... ஒன்றும் ஆகவில்லை. ஆகவும் ஆகாது. அந்த ஸ்க்ரூ ஐடிலிங்கில் எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளும். பெட்ரோல் நிரம்பி வழிவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம். அதில் ஒரு ஃப்ளோட் மிதக்கிறது. பெட்ரோல் குறைந்தால் ஃப்ளோட் இறங்கும், அதோடு சேர்ந்து ஒரு ஊசியும் இறங்கி வழியைத் திறக்கும். நிரம்பினால் ஃப்ளோட் ஏறி, ஊசி வழியை அடைக்கும். ஊசி முனையில் ஒரு மணல் துகள் உட்கார்ந்துவிட்டாலோ, அதன் ரப்பரில் தேய்ந்து வளையமாகப் பள்ளம் விழுந்தாலோ, ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் ஏறினாலோ வழி மூடாது. தொட்டி வழிகிற மாதிரி கார்புரேட்டரும் வழியும். மெக்கானிக்குகள் 'ஓவர்ஃப்ளோ' என்பது இதைத்தான்.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபின் புது பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. அதனால் இப்போது காலேஜுக்கு வரும் பசங்களில் பலர் கார்புரேட்டரைத் தொட்டே இருக்க மாட்டார்கள். ஆனால் இந்த 110 சிசி ஏடிவி இன்ஜின் ஒன்றும் அந்நியம் இல்லை. பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் மாதிரியே சிலிண்டர் படுத்திருக்கும், கார்புரேட்டர் அதற்கு மேலே இருக்கும். இந்த 'மேலே' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் புது கார்புரேட்டரே வாங்கிப் போட்டுவிட்டான். இரண்டு நாள் சொட்டவில்லை. மாமாவுக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் மறுபடி ஈரம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வர இன்னும் இரண்டே நாள். வேறு வழியில்லாமல் கீழே பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு வந்தார்கள்.

அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, ட்யூபை மட்டும் கழற்றி, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்தார். அடியில் காவி நிறத்தில் துரு! டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது, லைனில் ஃபில்டரும் இல்லை. கார்புரேட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் அந்தத் துரு ஊசி முனைக்குத்தான் வரப்போகிறது.

பிறகு கார்புரேட்டரைக் கழற்றி ஒரு வித்தை காட்டினார். பெட்ரோல் வரும் வாயில் ஒரு புது ட்யூபைச் செருகி, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து ஊதச் சொன்னார். தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட்டின் எடையில் ஊசி அடைத்துக்கொள்ள வேண்டும், காற்று போகக்கூடாது. இதில் புஸ்ஸென்று போனது. துருவைத் துடைத்துவிட்டு ஊதினால் போகவில்லை. ஒரு செமஸ்டர் லேபில் புரியாதது ஒரு ஊதலில் புரிந்துவிட்டது.

கிளம்பும்போது கேட்டார்.

"அண்ணே, அந்தப் பச்சை வண்டி?"

"அது தங்கம்ப்பா. ஒரு சொட்டு வடியாது. காலையில கொஞ்சம் புகைக்கும், வயசாச்சுல்ல."

"தம்பி, அதுல டிப் ஸ்டிக்க எடு."

எடுத்தான். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. ஊற்றியது யாரும் இல்லை. விரலில் தொட்டால் தண்ணீர் மாதிரி ஓடியது. மோந்தால் பெட்ரோல்.

கார்புரேட்டர் மேலே இருக்கிறது அல்லவா? கிண்ணம் நிரம்பினால் பெட்ரோல் வெளியே போக ஒரு ஓவர்ஃப்ளோ ட்யூப் கீழே தொங்கும். சிவப்பு வண்டியில் தரையில் சொட்டியது அதன் வழியாகத்தான். பச்சை வண்டியில் அந்த ட்யூப் வாய் சேற்றால் அடைத்துக் காய்ந்திருந்தது. டேப்பை மூடும் பழக்கமும் மாமாவுக்கு இல்லை. வழிந்த பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்திருக்கிறது. மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்குக் குறைவு. அதில் பெட்ரோல் சேர்ந்தால் பேரிங்கும் கேம் ஷாஃப்டும் எவ்வளவு நாள் தாங்கும்? சிலிண்டர் நிறைய பெட்ரோல் நிற்கும்போது ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும், திரவத்தை அமுக்க முடியாதே. இதைவிட மோசம், பெட்ரோல் ஆவியும் சூடான சைலன்ஸரும் பக்கத்தில் பக்கத்தில். அதன் மேல்தான் தினமும் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து ரவுண்டு போயிருக்கிறார்கள். மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மெக்கானிக் ஒரு கம்பியை எடுத்து ட்யூபுக்குள் குத்தினார். மண்கட்டி விழுந்தது. பின்னாலேயே பெட்ரோல் சொட்டத் தொடங்கியது.

"ஐயோ, இதுவும் வடியுதே!" என்றார் மாமா.

"வடியட்டும்ணே. இப்பதான் வெளிய வடியுது."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியும் ஓடவில்லை. டேங்குகளைக் கழற்றிக் கழுவி, லைனுக்கு ஆளுக்கொரு ஃபில்டர், பச்சைக்குப் புது ஊசி, புது ஆயில். இரண்டு நாள் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தபோது ஆயில் ஊற்றிய கோட்டிலேயே நின்றது. ராத்திரி டேப்பை மூடுகிற வேலை இப்போது மாமாவின் சின்ன மகளுடையது.