துடைக்க முடியாத எழுத்து

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்திலிருக்கும் என் தம்பி மகன் கூடைப்பந்தில் சூரன். அந்நாட்டுக் கலாசாலைகள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு உபகாரச் சம்பளம் தந்து அழைத்துக்கொள்வதுண்டு. ஆகவே பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தைப் படமெடுத்து, எக்ஸ், இன்ஸ்டாகிராம் முதலிய சமூக ஊடகங்களில் வெளியிட்டு, பயிற்சியாளர்களின் கண்ணில் பட முயல்கிறார்கள். முதற்பிரிவுக் கலாசாலைப் பயிற்சியாளர்கள் அப்பதிவுகளுக்கு விருப்பக்குறி இடலாமென்று 2016-ஆம் வருஷத்தில் என்.சி.ஏ.ஏ. சங்கமே அனுமதி தந்தது.

ஆனால், படத்தைப் பார்க்கும் கண் பக்கத்திலுள்ள எழுத்தையும் பார்க்குமல்லவா? ஆட்டத்தில் தோற்ற இரவு, நடுவரை இகழ்ந்து இரண்டு வரி எழுதிவிட்டான் பையன். அவனை ஆவலோடு விசாரித்துவந்த ஒரு பயிற்சியாளர், அவ்வரிகளைக் காரணங்காட்டி விலகிக்கொண்டார்.

"அண்ணா, நீங்கள் உபாத்தியாயர், அவனுக்கு என்ன சொல்லட்டும்?" என்றான் தம்பி.

பதினாறு வயதில் நானும் தேகப்பயிற்சி ஆசிரியரைக் கேலி செய்து கரும்பலகையில் எழுதியவன்தான். அவர் பேசாமல் அதைத் துடைத்துவிட்டு, மறுநாள் என்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். இன்றோ, ஒருவர் பிரதி எடுத்துவிட்டால், எழுதியவனே அழித்தும் பயனில்லை.

"நடுவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்" என்றேன். எழுதினான். நடுவர் அன்போடு பதில் போட்டுவிட்டார். கலாசாலைதான் இன்னும் போடவில்லை.