சாரம்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (வேதியியல்) மாணவன்

என் தந்தை சாரம் கட்டும் தொழிலாளி. உத்திரமேரூர்ச் சுற்றுவட்டாரத்தில் எழும் மாடி வீடுகளுக்குச் சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்து நிறுத்துவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "அப்படி என்னதான்டா படிக்கிற?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் விழிப்பேன். இவ்வாண்டுதான் விடை கிடைத்தது.

ஆய்வகத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்த நீரில் மின்சாரம் பாய்ச்சினோம். எதிர்மின்வாயில் குமிழ்கள் எழுந்தன. சேர்ந்த வாயுவில் எரியும் குச்சியைக் காட்டியதும் 'பட்' என்று ஓர் ஓசை! அதுவே ஹைட்ரஜன். எரிந்தால் புகையில்லை; நீரே மிஞ்சும். 2023-இல் நம் அரசு ஒப்புதல் அளித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம், 2030-க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தியை இலக்காகக் கொண்டது.

ஆனால் ஓர் இடர் உண்டு. அமில நீரில் ஹைட்ரஜன் அயனிகள் ஏராளம். எனினும் பிளாட்டினம், இரிடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்களே அங்கே தாக்குப்பிடிக்கும். கார நீரில் மலிவான நிக்கல் போதும். ஆனால் முதலில் நீர் மூலக்கூறையே உடைக்க வேண்டியிருப்பதால் வினை மந்தம். அதை விரைவுபடுத்த நல்ல வினையூக்கி வேண்டும்.

அதற்காக ஆராயப்படுபவற்றுள் ஒன்று உலோக-கரிமக் கட்டமைப்பு. உலோக அயனிகள் முடிச்சுகள், கரிம மூலக்கூறுகள் கம்புகள், இடையெல்லாம் வெற்றிடம். சில கிராமுக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு! மெல்போர்னில் ரிச்சர்ட் ராப்சன் 1974-இல் மாணவர்களுக்குப் பாடம் நடத்த மரப்பந்து மாதிரிகள் செய்தபோது முளைத்த எண்ணம் இது. 2025-இல் அவருக்கும் கிட்டகாவா, யாகி ஆகியோருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அன்றிரவு சொன்னேன்: "நீங்க கட்டுற சாரந்தாம்ப்பா, கண்ணுக்குத் தெரியாத அளவுல." அப்பா சிரித்தார். அதன் குறையையும் சொன்னேன். கடுங்காரத்தில் இவற்றுள் பல நிலைப்பதில்லை. குலைந்து உலோக ஹைட்ராக்சைடாகி விடுகின்றன. பல சோதனைகளில் அந்த மிச்சமே வினையூக்கியாக வேலை செய்கிறது.

"இதுல என்னடா குறை? கட்டடம் நின்னுட்டா சாரத்த அவுத்துத்தானே ஆகணும்" என்றார்.

நான் பேசவில்லை. சென்ற ஆண்டு சாரத்திலிருந்து விழுந்ததில் அவர் கால் இன்னும் சரியாகவில்லை. பட்டம் வாங்கியதும் ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்விடுவதென்று, அவரிடம் சொல்லாமலே முடிவு செய்திருந்தேன். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. "மேல படி. சாரம் இன்னும் கொஞ்ச நாள் நிக்கும்" என்றார்.

அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில், காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. ஒருநாள் அதன் வாசலில் அப்பாவோடு நிற்க வேண்டும். அவர் கால் நோகாமல் நடந்து வருமுன் நான் படித்து முடிக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.