பெயர் சொல்லி அழைத்தல்

நாம் கேட்காமலே நமக்குக் கிடைக்கும் முதல் கொடை நம் பெயர். நம்முடையது என்று சொல்லிக்கொண்டாலும், அதை நம்மைவிடப் பிறரே மிகுதியாக எடுத்து வழங்குகின்றனர். அழைப்பார் இல்லாத பெயர் ஏட்டில் இருக்கலாம், வாழ்வில் இருப்பதில்லை. ஆசிரியராக வாழ்ந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. எனினும் இதன் முழுப் பொருளையும் எனக்கு உணர்த்தியவை கொரிய நாட்டின் வகுப்பறைகளே.

2010-ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் தென்கொரியாவுக்கும் இடையே நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒப்பந்தம், தகுதி பெற்ற இந்திய ஆசிரியர்கள் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலத் துணையாசிரியராகப் பணியாற்ற வழிவகுத்தது. அவ்வழியே சென்றவர்களுள் நானும் ஒருவன். சியோலைச் சூழ்ந்துள்ள கியோங்கி மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி எனக்கு வாய்த்தது. வாரத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு வகுப்பாகச் சுற்றிவர வேண்டும். மாணவர்களோ நானூறு பேருக்கு மேல். உடன் கற்பித்த கொரிய ஆசிரியை முதல் நாளிலேயே பரிவோடு சொன்னார்: "பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்து வருந்தாதீர்கள், எண் போதும்."

அவர் கூறியதில் காரணம் இருந்தது. கொரியப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் வருகை எண் ஒன்று உண்டு. அன்றைய தேதியைப் பார்த்து மாணவரை எழுப்புவது அங்கே பழகிப்போன வழக்கம். தேதி 7 என்றால், 7-ஆம் எண், 17-ஆம் எண், 27-ஆம் எண் ஆகியோர் எழுந்து விடை சொல்ல வேண்டியதுதான். பெயரைக் கொண்டு அடையாளம் காண முயல்வோர்க்கோ வேறொரு தடை காத்திருக்கும். அங்கே குடும்பப் பெயரே முதலில் வரும். 2015-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிம் என்னும் குடும்பப் பெயருடையோர் மட்டும் ஒரு கோடிக்கு மேல். கிம், லீ, பார்க் ஆகிய மூன்றையும் கூட்டினால் மக்கள்தொகையில் ஏறத்தாழ 45 விழுக்காடு. "கிம்!" என்று வகுப்பில் அழைத்தால் ஏழெட்டுத் தலைகள் நிமிரும். ஆகவே அதன்பின் வரும், பெரும்பாலும் இரண்டே அசைகளாலான இயற்பெயரே ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையினின்று பிரித்துக் காட்டும்.

தனியார் பயிற்சி நிலையங்கள் பலவற்றில் இத்தொல்லைக்கு எளிய வழி ஒன்று கண்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஜேம்ஸ் என்றும் எமிலி என்றும் ஆங்கிலப் பெயர் சூட்டிவிடுவார்கள். வெளிநாட்டு ஆசிரியரின் நாவுக்கு அது வசதிதான். ஆனால் வகுப்பு முடிந்து படியிறங்கும்போதே அப்பிள்ளை அப்பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறதே! எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

எனவே மாலைவேளைகளில் மாணவர்களின் நிழற்படத் தாளை விரித்து வைத்து, ஒவ்வொரு பெயரையும் கொரிய எழுத்திலேயே எழுதிப் பழகினேன். 1443-இல் செஜோங் மன்னர் உருவாக்கி, 1446-இல் மக்களுக்கு அளித்த எழுத்து அது. மெய்யும் உயிரும் கூடி ஒரே கட்டமாக நிற்கும் அதன் அமைப்பு, உயிர்மெய் அறிந்த தமிழர்க்கு அயலானதாகத் தோன்றாது. ஆங்கில எழுத்தில் பார்த்தால் குழப்பும் பெயர்கள், சொந்த எழுத்தில் பார்க்கையில் தெளிந்து நின்றன. அவற்றின் பொருளும் மெல்ல மெல்லத் திறந்தது. ஹானுல் என்றால் வானம். இசுல் என்றால் பனித்துளி. சீன எழுத்துகளை அடியாகக் கொண்ட பெயர்களில் ஒலி ஒன்றாக இருந்தும் பொருள் வேறாவது உண்டு. ஜிஹுன் என்னும் பெயருடைய இருவருள் ஒருவரது 'ஜி' அறிவைக் குறிக்கலாம். மற்றவரது 'ஜி' மனவுறுதியைக் குறிக்கலாம். அதைக் கேட்டறிய வேண்டுமானால் அந்தப் பிள்ளையோடு பேசித்தான் ஆக வேண்டும்.

இன்னுமொன்று என்னை மகிழ்வித்தது. நமக்கு விளி வேற்றுமை இருப்பதுபோல் அவர்களுக்கும் அழைக்கும் உருபு உண்டு. ஜிஹுனை அழைக்கையில் "ஜிஹுனா" என்பர். மின்ஜியை அழைக்கையில் "மின்ஜியா" என்பர். மூத்தோர் இளையோரையும், தோழர் தோழரையும் அழைக்கும் அன்பு வழக்கு அது. குடும்பப் பெயரோடு முழுப் பெயரையும் நீட்டி அழைத்தால், ஏதோ கண்டிப்பு வரப்போகிறது என்று பிள்ளை அஞ்சும்.

ஒரு வகுப்பில் சன்னலோரக் கடைசி இருக்கையில் ஒரு மாணவி இருந்தாள். கேட்டால் ஒழிய வாய் திறவாள். மூன்றாம் மாதத்தில் ஒருநாள் நடைவழியில் எதிர்ப்பட்டவளைப் பெயர் சொல்லி, அந்த அன்பு உருபையும் சேர்த்து அழைத்தேன். சட்டென நின்றாள். "என் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அக்கேள்வியில் இருந்த வியப்பு என்னை வருத்தியது. பள்ளியில் தன் பெயர் ஒருவருக்குத் தெரிந்திருப்பதே ஒரு குழந்தைக்கு வியப்பாக இருக்கலாமா? அடுத்த வாரம் அவளே என் மேசைக்கு வந்து, தன் பெயருக்குரிய சீன எழுத்துகளை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினாள். தாத்தா பல நாள் ஆராய்ந்து வைத்த பெயராம். "தாத்தா பள்ளியில் படித்தபோது அவருக்கு ஜப்பானியப் பெயர்தான் இருந்ததாம்" என்றும் சொன்னாள்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நாட்டின் துயரமே நின்றது. கொரியாவை ஆண்ட ஜப்பானிய அரசு 1940 பிப்ரவரியில், கொரியக் குடும்பங்கள் ஜப்பானிய முறையில் பெயர் பதிய வேண்டுமென்று ஆணை கொண்டுவந்தது. விருப்பம் என்று சொல்லப்பட்டது, நடந்ததோ நெருக்குதல். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது குடும்பங்கள் பெயர் மாற்றிப் பதிந்தன. பதியாதோர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் சேர்வதற்கும் இடையூறு நேர்ந்தது. கவிஞர் யுன் தோங்ஜு 1942-இல் ஜப்பான் சென்று பயில வேண்டி, ஹிரானுமா என்னும் குடும்பப் பெயரை ஏற்க நேர்ந்தது. 1945 பிப்ரவரியில் புகுவோகா சிறையில் அவர் உயிர் பிரிந்தது. விடுதலைக்குப் பின் 1946-இல் மக்களுக்குத் தம் பெயர்கள் திரும்பக் கிடைத்தன. 1948-இல் வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுப்பு அவருடைய சொந்தப் பெயரையே தாங்கி வந்தது. இன்று கொரியப் பள்ளிப் பிள்ளைகள் அவரை அப்பெயராலேயே அறிகின்றனர். வகுப்பறையில் ஒரு பிள்ளையை எப்பெயரால் அழைப்பது என்பது எளிய செய்தியன்று என்பதை அம்மக்கள் விலை கொடுத்து அறிந்திருக்கின்றனர்.

வேறொரு விலையையும் அவர்கள் கொடுத்தார்கள். 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் என்னும் கப்பல் கவிழ்ந்தது. இறந்த 304 பேருள் 250 பேர், கல்விச் சுற்றுலா சென்ற, ஆன்சான் நகரத் தான்வோன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அவர்களோடு ஆசிரியர் பதினொருவரும் மடிந்தனர். 2019 பிப்ரவரியில் அப்பள்ளி அம்மாணவர்களுக்கு மதிப்புறு பட்டமளிப்பு விழா நடத்தியது. பிள்ளைகளின் இருக்கைகளில் பெற்றோர் அமர்ந்திருந்தனர். பெயர்கள் அழைக்கப்பட்டன. "இருக்கிறேன்" என்று விடை சொல்ல அங்கே எவருமில்லை. எனினும் அழைத்தார்கள். 250 என்னும் எண்ணிக்கை செய்தித்தாளுக்குப் போதும். ஒரு தாய்க்குப் போதுமா? அவள் காத்திருந்தது ஒரே ஒரு பெயருக்காக அல்லவா?

இதையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, "எண் போதும்" என்னும் அறிவுரை வேலையை நடத்தப் போதுமானது என்று தெரிகிறது. எண்ணால் பாடம் கேட்கலாம், மதிப்பெண் இடலாம். ஆனால் 17-ஆம் எண் இல்லாத நாளில் இன்னொருவர் 17-ஆம் எண் ஆகிவிடலாம். பெயருக்கு அப்படி ஒரு மாற்று ஆள் இல்லை. பெயரால் அறியப்பட்டவர் வராத நாளில்தான் வகுப்பில் ஓர் இருக்கை வெறுமையாகத் தெரியும்.

கொரியாவில் பள்ளியாண்டு மார்ச்சில் பிறக்கிறது. நம் நாட்டில் சூனில். எங்கே பிறந்தாலும் ஆசிரியர் கையில் புதிய பதிவேடு ஒன்று வந்து சேரும். சுட்டிப்பிள்ளையின் பெயரும் முதல் மதிப்பெண் பெறுபவளின் பெயரும் நாம் முயலாமலே நாவில் வந்து அமர்ந்துவிடும். தேடிச் சென்று கற்க வேண்டியவை மற்றப் பெயர்களே. மாணவர் பட்டியலை மூடி வைத்துவிட்டு மனத்திற்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எந்தப் பெயர் கடைசியில் நினைவுக்கு வருகிறதோ, நாளைக் காலை அந்தப் பெயரை முதலில் அழையுங்கள்.