அறுபத்திரண்டில் ஒன்று

கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். பத்து காஜாவை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை. காலைப் பெரட்டில் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை குலை வெட்டப்பட்டது, ஆலைக்குச் சென்ற லாரியில் நூற்றுக்கு எத்தனை காய்க்குலை கலந்திருந்தது என்பவற்றைக் கட்டங்கட்டமாகப் பதிந்து வைப்பதே பதினோர் ஆண்டுகளாக என் காரியம். ஆகவே, எந்த எண்ணும் என்னை ஏமாற்றாது என்னும் அகந்தை ஒன்று எனக்கு இருந்துவந்தது. சென்ற மாதம் அது அடங்கிய விதத்தையே இங்கு எழுதப் புகுந்தேன்.

என் மனைவிக்கு வயது 36. எங்களுக்கு ஆறு வயதில் ஒரு பெண் உண்டு. இப்பொழுது வயிற்றிலிருப்பது இரண்டாவது. பன்னிரண்டாம் வாரத்தில், ஈப்போவிலுள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கருவின் பிடரித் தோலுக்கடியில் தேங்கும் நீரை ஒலியலைக் கருவியால் அளந்தும், தாயின் இரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவைக் கண்டும், அவற்றுடன் தாயின் வயதைக் கூட்டியும் கணிக்கும் பரிசோதனையைச் செய்துகொண்டாள். குழந்தைக்கு ‘டௌன் சிண்ட்ரோம்’ என்னும் நிலை இருக்கக்கூடுமா என்று பார்ப்பது அது. ஒரு வாரம் கழித்துத் தோட்டத்துப் பாங்கு வேலையாக ஈப்போ சென்ற நான், முடிவுக் காகிதத்தைத் தனியாகவே வாங்கினேன். ‘அதிக அபாயம்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதன் கீழே, 62-ல் 1.

அந்தக் காகிதத்தை நான் வீட்டிற்குக் கொண்டுபோகவில்லை. ஆபீசில் செக்ரோல் தாள்களுக்கிடையே வைத்து, மேசை லாச்சியைப் பூட்டினேன். “எல்லாம் சரிதான், முழு ரிப்போர்ட் இன்னும் வரவில்லை” என்று மனைவியிடம் சொன்னேன். இஃது ஒரு நாளன்று, மூன்று நாள் நடந்தது.

நான் ஆங்கிலவழியில் படித்தவன். அவள் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் மலாய்ப் பள்ளியிலும் படித்தவள். எங்கள் வீட்டிற்கு வரும் ஆங்கிலக் காகிதமெல்லாம் என் கையால் பிரிக்கப்பட்டு, என் வாயால் தமிழாகி, எனக்கு வேண்டிய அளவில் அவள் காதுக்குப் போவது வழக்கம். அவள் படிக்கத் தெரியாதவளல்லள். படிக்க நான் விட்டதில்லை.

அந்த மூன்று இரவும் மற்றவர் உறங்கியபின் கைப்பேசியில் படித்துக்கொண்டே இருந்தேன். ‘டௌன்’ என்பது ‘கீழே’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லென்று இத்தனை காலமும் நான் நினைத்திருந்தேன். ஆங்கிலப் படிப்பின் இலட்சணம் அது! 1866-ல் இந்நிலையை விவரித்து எழுதிய ஜான் லாங்டன் டௌன் என்னும் ஆங்கில வைத்தியரின் பெயராம். முகச் சாயலைக் கொண்டு இம்மக்களை ‘மங்கோலியர்’ என்று ஓர் இனத்தின் பெயரால் குறித்தவரும் அவரே. மங்கோலியா தேசத்தார் முறையிட்ட பிறகு, 1965-ல் உலகச் சுகாதார நிறுவனம் அச்சொல்லைக் கைவிட்டது. சட்டத்தையும் படித்தேன். இந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு 1989-ல் திருத்தப்பட்டது. கர்ப்பம் தொடர்வதால் தாயின் உயிருக்கோ உடல்நலத்திற்கோ மனநலத்திற்கோ வரும் கேடு, கலைப்பதால் வரும் கேட்டினும் மிகும் எனப் பதிவு பெற்ற வைத்தியர் நல்லெண்ணத்துடன் கருதினால் கலைக்கலாம் என்கிறது அது. குழந்தையின் குறையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஐஸ்லாந்து தேசத்தில் இந்நிலை உறுதிப்பட்ட கருக்களுள் ஏறக்குறைய எல்லாமே கலைக்கப்படுகின்றன என்று 2017-ல் உலகெங்கும் பேசப்பட்ட செய்தியையும் கண்டேன். அச்செய்தி எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன். தாயைக் கேளாமலே, மூன்றாம் இரவில் என் மனத்துள் தீர்ப்பெழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

நான்காம் நாள், அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்க ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கே போன் வந்தது. மாலை நான் வீட்டுப் படியேறும்போது அவள் கூச்சலிடவில்லை.

“ஏங்க, என் வயித்துக் கணக்க உங்க லாச்சியில வச்சுப் பூட்டுனீங்களா?” என்றாள்.

அன்றிரவு காகிதத்தை அவள் முன் விரித்து, வரி வரியாகப் படித்தோம். எண்ணுக்குப் பொருள் என்னவென்று கேட்டாள். எனக்குத் தெரிந்த முறையில் சொன்னேன். இதே காகிதம் வந்த 62 பெண்களைப் பெரட்டுக்கு நிறுத்தினால், அவர்களில் ஒருத்தியின் குழந்தைக்கு அந்நிலை இருக்கலாம், மற்ற 61 பேரின் குழந்தைகளுக்கு இராது. வாய்விட்டுச் சொன்ன பிறகே எனக்கும் அது விளங்கிற்று. மூன்று நாளாக நான் அந்த ஒருத்தியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாகக் காய்க்குலை போன லாரியை நான் ‘நல்ல லாரி’ என்று பதிபவன்!

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த அறுபத்தோரு பேரும்கூட மூணு ராத்திரி தூங்கியிருக்கமாட்டாங்களே” என்றாள்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தப் பரிசோதனை நோயைக் கண்டுசொல்வதன்று, யாரை மேலும் பரிசோதிக்கலாம் என்று பிரிப்பது மட்டுமே. அந்நிலையுள்ள கருக்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை இதில் அகப்படும், மீதி தப்பும். அந்நிலை இல்லாத கருவைச் சுமக்கும் தாய்மாரிலும் நூற்றுக்கு ஐவர் அளவில் ‘அதிக அபாயம்’ என்ற காகிதத்தைப் பெறுவர். எல்லைக்கோட்டை 250-ல் ஒன்று என வைக்கும் இடத்தில், 249 வந்தவளுக்குத் தடித்த எழுத்து, 251 வந்தவளுக்கு வாழ்த்து. இரண்டு பெண்களுக்குமிடையே உள்ள வேற்றுமை எவ்வளவு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

நிற்க. என் தாயாருக்கு விஷயம் தெரிந்தபோது வீடு இரண்டுபட்டது. “எங்க குலத்துல இப்படி ஒண்ணு கெடையாது” என்பதே அவருடைய முதற் பேச்சு. பிறகு கிரகணத்தன்று மருமகள் வெளியே போனது, வேண்டுதல் பாக்கி நிற்பது, முற்பிறப்பு என்று அடுக்கினார். நான் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். மனித உடம்பின் உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உண்டு. 21-ஆவது இணையில் இரண்டிருக்க வேண்டிய இடத்தில் மூன்றிருப்பதே இந்நிலை. 1959-ல் பிரான்சில் லெஜோன், மார்த் கோத்தியே, தர்ப்பேன் என்போர் அதை வெளியிட்டனர். பெரும்பாலும் கருமுட்டை பிரியும்போது தற்செயலாக நேரும் பிழை அது. உண்டதாலும் உடுத்ததாலும் செய்ததாலும் வருவதன்று. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு மிகும். இருபதில் சுமார் 1,500-ல் ஒன்று, முப்பத்தைந்தில் சுமார் 350-ல் ஒன்று, நாற்பதில் சுமார் 100-ல் ஒன்று. நூற்றில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு மட்டும் குரோமோசோம் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வரும், அவற்றுள் சில பெற்றோர் வழி வரக்கூடும். “தகப்பன் வழியாகவும் வரலாம், அம்மா” என்றேன். அதன்பின் குலப் பேச்சு நின்றது. வேண்டுதல் பேச்சு இன்னும் நிற்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் இப்போது ஒன்பதே எஞ்சியுள்ளன. மற்ற வீடுகளில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் இருக்கின்றனர். அந்த ஒன்பதில் ஒன்றில், முன்னாளில் பால்வெட்டிய ஒரு பாட்டியம்மாளும், இந்நிலையுடன் பிறந்த அவருடைய மகனும் வாழ்கிறார்கள். அவனுக்கு வயது முப்பத்தெட்டு. என்னைவிட மூத்தவன். சிறுவயதில் நாங்கள் அவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓடியிருக்கிறோம். காகிதம் வரும்வரையில் அவனுக்கு என்ன நிலையென்று நான் யோசித்ததே இல்லை. என் மனைவி யோசித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிற்குப் போகலாமென்றாள்.

மழை வருமுன் கொடியிலிருந்த துணியை அவன் எடுத்து மடித்துக்கொண்டிருந்தான். எங்களுக்குத் தேநீர் ஊற்றித் தந்தவனும் அவனே. சர்க்கரைதான் அளவுக்கு மிஞ்சியிருந்தது. பி.டி.கே. என்று மக்கள் அழைக்கும் சமூக மறுவாழ்வு நிலையத்தில் பல ஆண்டு பயின்றவனாம். 1984-ல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஏற்பாடு அது. பாட்டியம்மாள் எதையும் மறைக்கவில்லை. நான்கு வயதில்தான் நடந்தானாம். இதயத்தில் ஓட்டையென்று குழந்தையில் கோலாலம்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். இந்நிலையுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இதயக் கோளாறு இருக்கும் என்று நான் படித்திருந்தேன். அமெரிக்காவில் 1983-ல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதாயிருந்து இப்போது 60 அளவுக்கு உயர்ந்ததையும் படித்திருந்தேன். அந்த உயர்வை நல்ல செய்தியென்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் மனைவியிடம், “இவனால எனக்கு ஒரு கஷ்டமும் இல்லம்மா. எனக்குப் பின்னால யாரு, அத மட்டும் கேக்காத” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வீடு திரும்பும் வழியில் அவள் அழுதாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

மறுநாள் முதல் அவளே படிக்கத் தொடங்கினாள். மகளுக்கு இந்நிலை இருப்பதறிந்து சென்னையில் இத்தகைய குழந்தைகளின் பெற்றோருக்காக உழைத்த சுரேகா ராமச்சந்திரனைப் பற்றி அவள்தான் எனக்குச் சொன்னாள். அடுத்து என்ன செய்வதென்று வைத்தியரிடம் கேள்வி கேட்டவளும் அவளே. பதினைந்தாம் வாரத்திற்குப் பிறகு வயிற்றில் ஊசி செலுத்திக் கருநீரை எடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரியும். ஆனால் அதனால் கரு கலையும் அபாயம் 200-ல் ஒன்று அல்லது அதனினும் குறைவாக உண்டு. மற்றொன்று, தாயின் இரத்தத்திலேயே மிதக்கும் கருவின் மரபணுத் துணுக்குகளைப் பார்ப்பது. அவை அங்கே இருப்பதை டென்னிஸ் லோ என்னும் ஹாங்காங் அறிஞர் 1997-ல் தம் கூட்டாளிகளுடன் வெளியிட்டார். இதில் நூற்றுக்கு 99 அகப்படும், கருவுக்கு ஆபத்தில்லை. ஆயினும் இதுவும் முடிந்த முடிவன்று. எங்களிடம் கேட்ட தொகை 1,200 வெள்ளி. கிராணி சம்பளத்திலேயே அது கடித்தது. வெளிக்காட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அது எப்படி எட்டும்?

இரத்தப் பரிசோதனை முதலில் போதும், ஊசி அதன் பிறகு என்று அவள் தீர்மானித்தாள். இருந்தால் என்ன செய்வதென்று நான் மெல்லக் கேட்டேன்.

“அத அன்னிக்கு நான் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் எழுதி வைக்காதீங்க” என்றாள்.

இரத்தம் கொடுத்து இன்று ஒன்பதாம் நாள். முடிவு தயாரென்று இன்று காலை அவளுடைய போனுக்குச் செய்தி வந்தது. போனில் சொல்லமாட்டார்களாம், நேரில் வரவேண்டுமாம். நாளை எனக்கு லீவு எழுதிவிட்டேன். லஹாட் வழியாகப் போனால் அரைமணி நேரம். உறையை அவள்தான் பிரிப்பதென்று பேச்சு. வண்டி ஓட்டுவது நான்.