கேட்டுக்கு அடியில் ஒரு பேரிங்

கோவைப் பக்கம் ஒரு வெல்டிங்காரரைக் கூப்பிட்டு, "கேட்டு தொங்குதுங்க, கீல் ஆடுது" என்று சொல்லிப் பாருங்கள். விஷயம் தெரிந்தவராக இருந்தால் உடனே கீலைத் தொடமாட்டார். கேட்டின் பூட்டுப் பக்கத்து நுனியைப் பிடித்து மேலே தூக்குவார், விடுவார். மேல் கீலுக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி விரிகிறதா என்று கவனிப்பார். தூணுக்குத் தூக்குக்குண்டு விடுவார். நாலு இடத்தில் வெல்டு வைத்துவிட்டுக் கிளம்புவார் என்று வீட்டுக்காரர் எதிர்பார்த்து நிற்கும்போது, பைக்குள் கைவிட்டுப் பழைய பேரிங் ஒன்றை எடுத்து, "இதக் கீழ வெச்சரலாங்க. பாரத்தத் தரை தாங்கிக்கும்" என்பார்.

கேட்டைப் பக்கவாட்டில் தொங்கவிடாமல் அடியில் நிற்கவைக்கும் இந்த யோசனை பட்டறைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். பம்ப்செட், கொறங்காடு, கோயில் வாசல் என்று தேடல் போய், கடைசியில் இராக்கின் பாலைவனத்தில் நின்றது.

முதலில் கணக்கு. 4 அடி அகலமும் 40 கிலோ எடையும் உள்ள ஒரு கேட்டை எடுத்துக்கொள்வோம். எடையின் மையம் கீல் பக்கத்திலிருந்து 2 அடி தள்ளி இருக்கிறது. இரண்டு கீல்களுக்கும் இடையே 3 அடி இருந்தால், மேல் கீலைத் தூணிலிருந்து பிடுங்கும் விசை சுமார் 27 கிலோ. அதே விசை கீழ்க் கீலைத் தூணுக்குள் அழுத்துகிறது. இடைவெளி 2 அடியானால் பிடுங்கல் 40 கிலோ, ஓரடியானால் 80. பூட்டுப் பக்கத்துக் கம்பியில் 25 கிலோ எடையுள்ள பையன் ஒருவன் ஏறி ஊஞ்சலாடினால், 3 அடி இடைவெளியிலேயே இன்னும் 33 கிலோ கூடிவிடும். பெரும்பாலும் மேல் கீலே முதலில் தளர்வதற்குக் காரணம் இதுதான்.

அடியில் பேரிங் வைத்தால் இந்தப் பிடுங்கல் காணாமல் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. செங்குத்தாக இறங்கும் எடை மட்டுமே தரைக்குப் போகிறது. பக்கவாட்டு இழுப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு தாங்கல் கேட்டின் அடியிலும் மற்றது உச்சியிலும் இருப்பதால் இரண்டுக்கும் நடுவே முழு உயரமும் கிடைக்கிறது, இழுப்பு குறைகிறது. மேலே எடை சுமக்க வேண்டாத ஒரு வளையம் போதும்.

கொங்குக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று காற்று. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. மறைப்புக்காகத் தகடு அடித்த கேட் அந்தக் காற்றில் கப்பல் பாயாகிவிடுகிறது. 4 அடிக்கு 5 அடி தகட்டின் மேல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று 20 கிலோவுக்கு மேல் அழுத்தும். ஆடி முழுக்க முன்னும் பின்னும் இப்படி உதறினால் கீலின் துளை முட்டை வடிவமாகத் தேயாமல் என்ன செய்யும்? இன்னொரு தொல்லை கரிசல் மண். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் அந்த மண், ஆழம் போதாத தூணை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துவிடும். தூண் சாய்ந்த பிறகு கீலுக்கு மட்டும் வெல்டு வைப்பதில் பயனில்லை.

இனி பேரிங். அது இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு இந்த ஊரின் தொழில் வரலாறே காரணம். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கிய மின்மோட்டாரை இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று சொல்வார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நீலகிரியின் பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு இறங்கியிருந்தது. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. மோட்டார் வந்த ஊருக்கெல்லாம் ரீவைண்டிங் கடையும் லேத் பட்டறையும் வந்தன. மோட்டாரைக் கழற்றினால் பேரிங்கை மாற்றாமல் மூட மாட்டார்கள். சங்ககிரி, நாமக்கல் லாரிகளின் சக்கர பேரிங்குகளும் இதோடு சேர்ந்துகொண்டன. நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் மோட்டாருக்கு உதவாத பேரிங், நாளைக்கு இருபது முறை கால்வட்டம் திரும்பும் கேட்டுக்குத் தாராளம். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் எடைபோட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் பொருள் கிடைத்தது என்பதாலேயே யோசனையும் பட்டறையில் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. பெரியவர்களிடம் கேட்டால், "அந்தக் காலத்துலயும் கீழதானுங்க நிக்கும்" என்கிறார்கள். அவர்கள் சொல்லும் அந்தக் காலத்தில் இரும்பு கேட்டே கிடையாது.

காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொறங்காடுகளில் அந்தக் காலத்தின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை முள்வேலி. காங்கயம் மாடுகள் ஆளில்லாமல் மேய்ந்துகொண்டிருப்பது அந்த வேலியை நம்பித்தான். கிளுவை உயிர்வேலி. குச்சியை வெட்டி நட்டால் தழைத்துக்கொள்ளும். துருப்பிடிக்காது, பெயின்டும் கேட்காது. உள்ளே போகும் கடவில் மட்டும் படல் ஒன்று இருக்கும். மூங்கில் பிளாச்சாலோ முள்ளாலோ பின்னியது. அதற்குக் கீலே கிடையாது. ஒரு பக்கத்துக் கம்பின் அடி தரையில் ஊன்றி நிற்கும். மேலே நாரோ கயிறோ வளையமாகத் தூணோடு பிடித்திருக்கும். திறப்பவர் நுனியைக் கொஞ்சம் தூக்கி, இழுத்து, சாய்த்துவைப்பார். தளர்ந்தால் கயிறு மாற்றினால் தீர்ந்தது. வெல்டிங்காரர் பேரிங்கையும் வளையத்தையும் வைத்துச் செய்யும் அதே வேலைதான். இரும்பில் செய்வதால் நமக்குப் புதுமையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வீட்டுக் கதவும் அப்படித்தான் நின்றது. பழைய மரக்கதவின் ஓரச் சட்டத்தில் மேலும் கீழும் முளைபோல நீட்டியிருப்பது குடுமி. மேல் குடுமி நிலையின் துளைக்குள் போகும்; கீழ்க் குடுமி வாசலில் பதித்த கல்குழியில் சுழலும். கற்கோயில்களின் வாசல்களில் கதவு போன பிறகும் அந்தக் குழிகள் இருக்கின்றன. வாசற்படியின் உள்மூலையில் கிண்ணம்போல வழவழவென்று தேய்ந்த பள்ளத்தைக் கண்டால், அங்கே பல தலைமுறைக்கு ஒரு கதவு சுழன்றிருக்கிறது என்று பொருள். கோபுரவாசலின் ஆளுயரத்துக்கு மேற்பட்ட கனத்த கதவை நான்கு ஆணி அடித்த கீலில் தொங்கவிட யாருக்குத் துணிச்சல் வரும்?

தேடல் இதற்கு மேல் கொங்கில் நிற்கவில்லை. இன்றைய இராக்கில் சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் லகாஷ் நகரை ஆண்ட குடேயா, கோயில் கதவுகளின் குடுமி சுழலும் கற்களில் தன் பெயரைப் பொறித்துவைத்தான். மண்ணோடு மண்ணாகப் போனவை போக எஞ்சிய அந்தக் கற்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ரோமானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கீலுக்கென்றே கார்டியா என்ற தேவதையை வைத்திருந்தார்கள். கதவுப் பலகைக்கு ஒருவர், வாசற்படிக்கு ஒருவர் என்று வேறு தெய்வங்களும் உண்டு. மனிதர்கள் ஒரே ஒரு வாயில்காப்பாளனோடு சமாளிக்கும் வேலைக்கு மூன்று தெய்வமா என்று 5-ம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டீன் கேலி செய்தார். அந்த ரோமானியர்களின் வெள்ளிக்காசுகள் கோவையை ஒட்டிய வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. காசு வந்த பாதையில் கார்டியா வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தாலும் இங்கே அவளுக்கு வேலை இருந்திருக்காது. குடுமி ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தது.

இரும்பு இல்லாததால் மரக்குடுமி என்று நினைத்தால் கொடுமணல் அதை மறுக்கும். சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் உள்ள அந்த ஊரில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. உருக்கு செய்த தடயங்களும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு தெரிந்த மண் இது. ஆனால் இரும்பு விலை உயர்ந்த சரக்கு. கொழுவுக்கும் அரிவாளுக்கும் கோடரிக்கும் வண்டிப்பட்டாவுக்கும் போக, வேலிக் கடவில் மாட்ட யார் கொடுப்பார்கள்?

பக்கவாட்டில் ஆணியடிக்கும் கீல் மலிந்தது இரும்பு மலிந்த பிறகுதான். வார்ப்பிரும்புக் கீலுக்கு 1775-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். ஆலை வார்ப்பு என்பதால் ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் வந்தது. அளவான மரக்கதவுக்கு அது நல்ல பொருள்தான். அதே பழக்கத்தைக் குழாயும் தகடுமாகச் செய்த கனத்த கேட்டுக்கும் கொண்டுவந்ததில்தான் கோளாறு தொடங்கியது என்பது என் கணிப்பு.

கொங்கு வேலியில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. இங்கே வேலிக்கால் பெரும்பாலும் கருங்கல். கல்லுக்கு வெல்டு வைக்க முடியாது. துளையிட்டு இரும்புக் கொக்கியைச் சொருகி, ஈயம் காய்ச்சி ஊற்றுவது பழைய முறை. சிமென்ட் அடைத்தது பிந்தையது. இரண்டும் காலப்போக்கில் ஆடும். இன்று பட்டைக் கம்பியைக் கல்லைச் சுற்றி வளைத்து, இரண்டு துண்டு கிளாம்ப்பாக்கிப் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். ஆடினால் ஸ்பேனரால் ஒரு திருகு போதும். படலின் கயிறுதான் இங்கே பட்டைக் கம்பியாகியிருக்கிறது.

கேட் தளர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியவை சில. நுனிக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும். தூண் நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கீல். இரண்டு கீல்களையும் முடிந்தவரை தள்ளி வையுங்கள். குறுக்குச் சட்டம் கீழ்க் கீலிலிருந்து எதிர் மேல்மூலைக்கு ஏற வேண்டும்; கம்பியாக இழுத்துக் கட்டுவதானால் திசை நேர்மாறு, மேல் கீலிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்கு. ஜி.ஐ. குழாயில் வெல்டு வைக்குமுன் துத்தநாகப் பூச்சை அந்த இடத்தில் கிரைண்டரால் எடுத்துவிடச் சொல்லுங்கள். பூச்சோடு வெல்டு வைத்தால் கிளம்பும் வெள்ளைப் புகையைச் சுவாசித்த வெல்டருக்குச் சாயங்காலம் குளிர்காய்ச்சல் வரலாம். வெல்டு ஆறியதும் ரெட் ஆக்சைடு. பேரிங்குக்கு கிரீஸ். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மை செய்த வேலையை இன்று கிரீஸ் செய்கிறது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கும் கோவை வெட் கிரைண்டருக்கும் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். குடுமிக் கதவையும் படலையும் யாரும் பதிந்து வைத்ததாகத் தெரியவில்லை. உங்கள் ஊரில் பழைய வீட்டையோ மாட்டுச்சாளையையோ இடிக்க ஜேசிபி வருகிறது என்றால், அதற்கு முன்னால் வாசலின் உள்மூலையைப் பாருங்கள். குழிக்கல் இருந்தால் அளவெடுத்து ஒரு படம் எடுத்துவிட்டு, எந்த ஊர், எந்த வாசல் என்று எழுதி வையுங்கள்.